ஒழுங்கையில் கிடக்கும் பள்ளம் யாருடையது? சிறு நகரசபைகளின் அதிகாரமும் பொறுப்பும்

2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கு, கிழக்கு மேடைகளில் பேசப்பட்டவை பெரும்பாலும் பெரிய விடயங்கள். தமிழ்த் தேசியத்துக்கு வாக்கா, தேசிய மக்கள் சக்திக்கு வாக்கா என்பதே கேள்வியாக இருந்தது. ஜூன் 2ஆம் திகதி சபைகளின் பதவிக்காலம் தொடங்கிய பிறகு மக்கள் உறுப்பினர்களிடம் கொண்டுபோகிற விடயங்கள் வேறு. எரியாத தெருவிளக்கு, அடைபட்ட மதகு, மாரியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் ஒழுங்கை, மூடியில்லாத வாய்க்கால், சந்தை வாசலில் தேங்கும் கழிவுநீர்.

இவற்றைச் சின்ன விடயங்கள் என்று தள்ளிவிட முடியாது. வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. ஆகவே இன்று வடக்கில் நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தவிர்த்துப் பார்த்தால், மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த அதிகார அமைப்பு என்று இருப்பவை உள்ளூராட்சி மன்றங்கள் மட்டுமே. அதிகாரத்தைப் பகிருங்கள் என்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவரும் சமூகம் நாங்கள். கையில் இருக்கிற ஆகச் சிறிய அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதை ஒரு சிறு நகரத்தின் தெருக்களில் பார்க்கலாம்.

ஒரு நகரம், பல உரிமையாளர்கள்

சாவகச்சேரியை எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தரைமட்டமாகி, மீண்டும் எழுந்த நகரம். தென்மராட்சியின் சந்தையும் பஸ் நிலையமும் ரயில் நிலையமும் இங்கேதான் இருக்கின்றன. நகரின் நடுவால் ஏ9 வீதி போகிறது. நகரத்துக்கு வரும் ஒருவர் முதலில் காண்பதும் அந்த வீதியைத்தான். ஆனால் அந்த வீதி நகரசபைக்குச் சொந்தமானதல்ல.

இலங்கையில் 'ஏ', 'பி' தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. நாடு முழுவதும் இவை சுமார் 12,000 கிலோமீற்றர். 'சி', 'டி' தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் கையில் இருக்கின்றன. மிச்சமுள்ள உள்வீதிகளும் ஒழுங்கைகளும் நகரசபை, பிரதேச சபைகளுக்கு உரியவை. தெருவிளக்கு தொங்கும் கம்பம் மின்விநியோக நிறுவனத்தினுடையது, விளக்கைப் பராமரிப்பது நகரசபை. வீதியின் கீழே போகும் குடிநீர்க் குழாய் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையினுடையது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது, ஊர் ஒழுங்கைகள் பல ரயில் பாதையைக் கடக்க வேண்டி வந்தது. கடவை ரயில்வே திணைக்களத்தினுடையது, கடவைக்கு இட்டுச்செல்லும் வீதி சபையினுடையது. சிறு குளங்கள் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தையும் கேட்க வேண்டும்.

இப்போது ஒரு மழைநாளை யோசித்துப் பாருங்கள். ஒழுங்கையில் விழும் மழைநீர் நகரசபையின் வாய்க்காலில் ஓடி, மாகாண வீதியின் மதகைக் கடந்து, ஏ9 வீதியின் வடிகாலில் சேர்ந்து, தெற்கே கடல்நீரேரிக்குப் போக வேண்டும். தண்ணீருக்கு இந்த எல்லைகள் தெரியாது. நடுவில் ஒரு மதகு அடைபட்டாலும் தண்ணீர் திரும்பி வீட்டு முற்றத்துக்கு வரும். முறைப்பாடு செய்யப் போகிறவரை நகரசபை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு அனுப்பும். அங்கே போனால் மாகாணத் திணைக்களத்தைக் கேளுங்கள் என்பார்கள். மாகாணத்தில் கேட்டால், அது சபையின் வாய்க்கால் என்ற பதில் வரும். மூவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். வீட்டுக்காரரின் முற்றத்தில் தண்ணீர் நிற்பதும் உண்மைதான்.

இதில் நகரசபைக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஏ9 வடிகாலைத் திறக்க அதற்கு அதிகாரம் இல்லை. முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 2009 மே மாதத்தில் ஆயிரக்கணக்கான எமது மக்கள் நடந்து கடந்த பாலம் அது. ஏ35 பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இருப்பதால், அதைத் திருத்துவது எந்தப் பிரதேச சபையினாலும் முடிகிற காரியமாக இருக்கவில்லை. போர் முடிந்து 16 ஆண்டுகள் கழித்து, 2025 செப்டெம்பரில்தான் புதிய பாலத்தின் வேலை ஆரம்பித்துவைக்கப்பட்டது.

ஆனால் நியாயம் அங்கேயே முடிகிறது. வாய்க்கால் யாருடையது என்று கண்டுபிடிப்பது குடிமகனின் வேலையல்ல. நகரசபைக்கு வரும் முறைப்பாட்டைப் பதிந்து, உரிய நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, பதில் வந்ததா என்று பின்தொடர்ந்து, முறைப்பாட்டாளருக்கு அறிவிப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. ஒரு பதிவேடும் ஓர் உத்தியோகத்தரும் போதும். இந்த எளிய வேலையைச் செய்யும் சபைக்கும், 'அது எங்களுடையதல்ல' என்று கையை விரிக்கும் சபைக்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது.

பணம் எந்த வழியால் வருகிறது

சிறு நகரசபை ஒன்றின் சொந்த வருமானம் ஆதனவரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தை மற்றும் கடை வாடகை, கட்டட அனுமதிக் கட்டணம் போன்றவற்றால் வருகிறது. முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாணம் ஊடாக வந்து சேர வேண்டும். நிரந்தர ஊழியர்களின் சம்பளத்தில் பெரும்பகுதியை அரசாங்கம் மீளளிக்கிறது. சொந்த வருமானத்திலிருந்து குப்பை அள்ளும் உழவு இயந்திரத்தின் எரிபொருள், மின்கட்டணம், தற்காலிக ஊழியர் கூலி ஆகியன போக, வீதிக்கு மிஞ்சுவது சொற்பம்.

வீதிக்கான பெரிய பணம் வேறு வழிகளால் வருகிறது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, 2018, 2019ஆம் ஆண்டுகளில் வந்த 'கம்பெரலிய', அதற்குப் பிறகு கோட்டாபய ராஜபக்‌ஷ ஆட்சியில் அறிவிக்கப்பட்ட ஒரு இலட்சம் கிலோமீற்றர் வீதித் திட்டம் என்று ஒவ்வொரு ஆட்சிக்கும் ஒரு பெயர். 2025 பெப்ரவரியில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் வடக்கின் கிராமிய வீதிகளுக்கும் பாலங்களுக்கும் 5,000 மில்லியன் ரூபா ஒதுக்குவதாக அறிவிக்கப்பட்டது. இந்தத் தொகை தேவைதான், அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் கொழும்பிலிருந்து வரும் இப்படியான திட்டங்களில் எந்த வீதி முதலில் என்பதைத் தீர்மானிக்கும் இடம் பல தடவைகளில் நகரசபையின் கூட்ட மண்டபமாக இருப்பதில்லை. மாவட்டச் செயலகத்தின் ஒருங்கிணைப்புக் கூட்டமோ அமைச்சோ அதைத் தீர்மானிக்கும்.

இதனால் இரண்டு விளைவுகள். முதலாவது, வீதி ஒன்று உரிமையாகத் தெரியாமல் தயவாகத் தெரிகிறது. யாருடைய நிதியில் போடப்பட்டது என்று பெயர்ப்பலகை சொல்லும். வீதியைத் திறந்து வைத்தவருக்கு மாலை போடப்படும். இரண்டாவது, பராமரிப்புக்குப் பொறுப்பாளர் இல்லை. வேறொருவரின் நிதியில் போட்ட வீதி மூன்றாம் மாரியில் உடைந்தால், திருத்தும் பொறுப்பு மட்டும் சபையின் தலையில் விழுகிறது. அதற்கென்று பணம் கூடவே வருவதில்லை.

வரி பற்றியும் பேசத்தான் வேண்டும். ஆதனவரியை ஆண்டு முழுவதற்குமாக ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதக் கழிவு உண்டு. அப்படியிருந்தும் நிலுவை குவிகிறது. உரிமையாளர்கள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. கோயில் தேருக்கும் பாடசாலை மண்டபத்துக்கும் மனம் நிறைந்து அனுப்பும் புலம்பெயர் உறவுகள், ஊரில் இருக்கும் தங்கள் வளவின் ஆதனவரி கட்டப்பட்டிருக்கிறதா என்று கேட்பது குறைவு. அதே ஒழுங்கை விடுமுறைக்கு வரும்போது குண்டும் குழியுமாக இருக்கிறது என்ற கவலை மட்டும் முகநூலில் வருகிறது. வரி என்பது சபையிடம் கணக்குக் கேட்பதற்கான உரிமைச்சீட்டு. அதைக் கட்டாத ஊரில் கேள்வியும் பலமிழந்துதான் ஒலிக்கும்.

சமமாகப் பிரித்தால் நீதியாகிவிடுமா?

2018ஆம் ஆண்டுத் தேர்தலிலிருந்து உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கலப்பு முறை நடைமுறையில் இருக்கிறது. 60 வீதமானவர்கள் வட்டாரத்தில் வெல்கிறார்கள், 40 வீதமானவர்கள் விகிதாசாரப் பட்டியலால் வருகிறார்கள். பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடும் கிடைத்தது. இது நல்ல மாற்றம். கூடவே, தனிக் கட்சி ஒன்று அறுதிப் பெரும்பான்மை பெறுவது அரிதானது. தவிசாளர் பதவிக்குக் கூட்டுச் சேர்வதும், வரவு செலவுத் திட்ட வாக்கெடுப்பில் ஆட்டங்காண்பதும் வழமையாயின. யாழ்ப்பாண மாநகர சபையில் 2020 டிசெம்பரில் வரவு செலவுத் திட்டம் தோற்று, முதல்வரே மாறியதை மறந்திருக்க மாட்டோம்.

இந்த ஆட்டத்தின் விலையை வீதிகள் கொடுக்கின்றன. உறுப்பினர்களைத் திருப்திப்படுத்த ஆக இலகுவான வழி, இருக்கும் நிதியை எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பது. ஒரு கற்பனைக் கணக்கு: சபையிடம் வீதி வேலைக்கு 1 கோடி ரூபா இருக்கிறது, உறுப்பினர்கள் 20 பேர். ஆளுக்கு 5 இலட்சம். அந்தப் பணத்தில் ஒரு ஒழுங்கையின் சிறு துண்டுக்குக் கொங்கிறீற் போடலாம், அல்லது கொஞ்சத் தூரத்துக்குக் கிறவல் பரவலாம். ஆண்டு முடிவில் நகரத்தில் 20 துண்டுகள் இருக்கும். முழுமையான வீதி ஒன்றுகூட இருக்காது. ஊரின் தண்ணீர் முழுவதும் போக வேண்டிய பிரதான வாய்க்கால் அப்படியே கிடக்கும். அது மூன்று வட்டாரங்களைக் கடப்பதால் எந்த உறுப்பினரின் கணக்கிலும் வராது.

துண்டு வேலைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வாய்க்கால் பற்றி யோசிக்காமல் போடும் கொங்கிறீற் ஒழுங்கை, பக்கத்து வளவுகளை விட உயர்ந்துவிடுகிறது. முன்பு மண் ஒழுங்கையில் கொஞ்சம் ஊறி, கொஞ்சம் ஓடிய தண்ணீர் இப்போது நேரே முற்றத்துக்கு இறங்குகிறது. 2024 நவம்பர் வெள்ளத்தில் யாழ்ப்பாண மாவட்டம் பட்ட பாட்டுக்கு மழையின் அளவு முதற் காரணம். ஆனால் தூர்ந்த குளங்கள், ஆக்கிரமிக்கப்பட்ட வெள்ள வாய்க்கால்கள், மதகில்லாமல் உயர்த்திய வீதிகள் ஆகியவற்றை மழையின் கணக்கில் எழுத முடியாது.

சமமாகப் பிரிப்பது பார்வைக்கு நியாயமாகத் தெரியும். தேவை சமமாக இல்லாத இடத்தில் அது அநியாயம். மாற்றுவழி கடினமானதுமல்ல. ஒழுங்கையில் எத்தனை குடும்பங்கள் இருக்கின்றன, பாடசாலைப் பிள்ளைகள் அதனால் போகிறார்களா, நோயாளர் காவு வண்டி உள்ளே வருமா, மாரியில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது, சக்கர நாற்காலியில் இருப்பவர் வசிக்கிறாரா என்று நாலைந்து அளவுகோல்களை வைத்துப் புள்ளி போடலாம். அந்தப் பட்டியலைச் சபைச் சுவரில் ஒட்டலாம். பட்டியலில் தன் ஒழுங்கை 14ஆவது இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தவர் இரண்டு ஆண்டுகள் பொறுப்பார். எந்த இடத்திலும் இல்லை என்று நினைப்பவர்தான் ஆத்திரப்படுவார்.

போர் விட்டுச்சென்ற ஒழுங்கைகள்

வேறு மாகாணங்களின் சிறு நகரங்களுக்கும் நிதிப் பிரச்சினை உண்டு, அரசியல் உண்டு. எமது நகரங்களுக்குப் போர் இன்னும் சில சுமைகளை வைத்துவிட்டுப் போயிருக்கிறது. சபைகளின் வேலைமுறையில் இவற்றுக்குத் தனி இடம் இருக்க வேண்டும்.

ஒன்று, காணி. ஒரு குச்சொழுங்கையை அகலப்படுத்த இருபக்க வளவுக்காரரும் சில அடி நிலம் விட்டுக்கொடுத்து ஒப்பமிட வேண்டும். ஒருவர் கனடாவில். இன்னொருவர் இடம்பெயர்ந்த ஊரிலேயே தங்கிவிட்டார். மூன்றாவது வளவின் உறுதி காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் பெயரில் இருக்கிறது. அவருடைய மனைவி யாருடைய பெயரில் ஒப்பமிடுவது? மரணச் சான்றிதழ் எடுக்க அவருக்கு மனமில்லை, எடுக்கச் சொல்லும் உரிமையும் யாருக்கும் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் காணாமற்போனமைக்கான சான்றிதழ் ஒன்றுக்கு வழிசெய்தது. சபையின் எழுதுவினைஞர் ஒருவருக்கு அது தெரிந்திருந்து, மரியாதையோடு விளக்கினால், ஒரு கோப்பு நகரும். தெரியாவிட்டால், 'ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ' என்ற ஒரு வசனம் அந்தப் பெண்ணை மறுபடியும் உடைக்கும்.

இரண்டு, உடல். கால் இழந்தவர்களும் முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களும் வாழும் ஊர்கள் இவை. மூடியில்லாத வாய்க்காலை ஒரு இளைஞர் தாண்டிப் போவார். ஊன்றுகோலோடு போகிறவருக்கு அது நகரத்தின் எல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், பொதுக் கட்டடங்களுக்கும் பொது இடங்களுக்குமான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. அவற்றை நடைமுறைப்படுத்துமாறு 2011இல் உயர் நீதிமன்றமும் கட்டளையிட்டது. சந்தையில் சாய்தளம், பஸ் நிலைய மலசலகூடத்தில் அகலமான கதவு, வாய்க்காலுக்கு உறுதியான மூடி ஆகியவற்றை எந்தச் சபையும் புதிய வேலை ஒன்றின் மதிப்பீட்டைத் தயாரிக்கும்போதே சேர்த்துவிடலாம். பிறகு உடைத்துக் கட்டுவதுதான் செலவு.

மூன்று, இராணுவம். பாதுகாப்புக் காரணம் சொல்லி மூடப்பட்ட வீதி யாருடைய பதிவேட்டில் இருந்தாலும் பயனில்லை. வசாவிளானிலிருந்து பலாலி நோக்கிய வீதி 30 ஆண்டுகளுக்கு மேல் மூடப்பட்டிருந்து, 2025 ஏப்ரலில் நேரக் கட்டுப்பாடு உள்ளிட்ட நிபந்தனைகளோடு திறக்கப்பட்டது. இப்படியான இடங்களில் பிரதேச சபை ஒன்றால் பூட்டைத் திறக்க முடியாது. ஆனால் தன் எல்லைக்குள் மூடிக் கிடக்கும் ஒவ்வொரு வீதியையும் ஒழுங்கையையும், அதன் நீளம், கடைசியாகப் பாவித்த ஆண்டு, அதனால் சுற்றிப் போக வேண்டிய தூரம் ஆகியவற்றோடு ஆவணப்படுத்த முடியும். வெறும் கோரிக்கையை விட, சபையின் தீர்மானத்தோடு போகும் பட்டியலுக்குக் கனம் அதிகம்.

நிலத்தைத் தோண்டும்போது

எமது மண்ணில் பொதுவேலை என்பதற்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 2013 டிசெம்பரில் மன்னார் திருக்கேதீஸ்வரத்தில் மனித எச்சங்கள் வெளிப்பட்டது குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது. 2018இல் மன்னார் நகர நுழைவாயிலில் சதொச கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டியபோது. 2023 ஜூனில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் மறுபடியும் குடிநீர்க் குழாய் வேலையின்போது. 2025 பெப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடைக் கட்டுமானத்துக்காக நிலத்தைத் தோண்டியபோது.

நான்கு இடங்களிலும் எச்சங்களை முதலில் கண்டவர்கள் விசாரணையாளர்கள் அல்லர். கூலிக்கு வேலைசெய்த தொழிலாளர்கள். பெக்கோ இயந்திரத்தின் சாரதி அந்த நேரத்தில் என்ன முடிவெடுக்கிறார் என்பதில் பல குடும்பங்களின் பதில் தங்கியிருக்கிறது. வேலையை நிறுத்தினால் அது சாட்சியம். மண்ணோடு அள்ளி லொறியில் ஏற்றினால், வேறொரு இடத்தில் பள்ளம் நிரப்பப் போய்விடும்.

ஆகவே வடக்கு, கிழக்கில் ஒவ்வொரு சபையும் தன் ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். மனித எச்சமோ, சந்தேகத்துக்கிடமான உடைமையோ தென்பட்டால் வேலையை உடனே நிறுத்தி, இடத்தைத் தொடாமல், பொலிஸாருக்கும் சபைக்கும் அறிவிக்க வேண்டும். நீதவானின் கட்டளை வரும்வரை மண்ணை அகற்றக் கூடாது. வேலை நின்றதனால் ஒப்பந்தகாரருக்குத் தாமதத் தண்டம் விதிக்கப்படாது என்பதும் அதே நிபந்தனையில் இருக்க வேண்டும். நட்டம் வரும் என்ற பயம் இல்லாதவர்தான் உண்மையைச் சொல்வார். இதற்குக் கொழும்பின் அனுமதி தேவையில்லை. ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு பந்தி போதும்.

பிரதிநிதிகள் இல்லாத இரண்டு ஆண்டுகள்

சபைகள் இருந்தும் பயனில்லை என்ற சலிப்பு எம்மிடையே பரவலாக உண்டு. சபைகள் இல்லாத காலத்தையும் நாங்கள் அண்மையில்தான் கண்டோம். 2018இல் தெரிவான சபைகளின் நீடிக்கப்பட்ட காலம் 2023 மார்ச் 19ஆம் திகதி முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல், பணம் இல்லை என்ற காரணத்தோடு தள்ளிப்போனது. அது வாக்காளரின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலான காலத்தில் செயலாளர்களும் ஆணையாளர்களுமே சபைகளை நடத்தினார்கள்.

குப்பை அள்ளப்பட்டது, சம்பளம் வழங்கப்பட்டது. ஆனால் ஒரு ஒழுங்கைக்காரர் வீட்டு வாசலில் மறித்துக் கேள்வி கேட்கக்கூடிய ஆள் இல்லை. அதிகாரி மேலதிகாரிக்குப் பதில் சொல்வார், உறுப்பினர் வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த வித்தியாசத்துக்காகத்தான் தேர்தல் வேண்டும் என்று கேட்டோம். தெரிவான பிறகு உறுப்பினரும் அதிகாரியைப் போலவே 'மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்' என்று மட்டும் சொன்னால், அந்த வித்தியாசம் அழிந்துவிடும்.

நாங்கள் என்ன கேட்கலாம்

முதலில் வீதிப் பதிவேடு. உங்கள் ஒழுங்கை சபையின் பதிவேட்டில் இருக்கிறதா? வர்த்தமானியில் பிரசுரிக்கப்பட்டதா? இல்லையென்றால் அது சட்டப்படி தனியார் பாதையாகக் கருதப்படலாம். சபை பணம் செலவழிக்கத் தயங்குவதற்கும் கணக்காய்வு கேள்வி எழுப்புவதற்கும் அது காரணமாகிவிடும். எத்தனையோ ஆண்டு ஓடித் திரிந்தும் ஒரு ஒழுங்கைக்குக் கிறவல்கூடப் போடப்படாததன் காரணம் சில வேளை இவ்வளவு சாதாரணமானது. முதல் விண்ணப்பம் தார் கேட்டு அல்ல, பதிவு கேட்டுப் போகட்டும்.

இரண்டாவது, காலம். டிசெம்பரில் வரவு செலவுத் திட்டம் சபைக்கு வரும். ஜனவரியில் மனுக் கொடுத்தால் ஒரு ஆண்டு போய்விட்டது என்று பொருள். சனசமூக நிலையமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிலேயே எழுத்தில் கேட்க வேண்டும். மாரி தொடங்க முன் வாய்க்கால் துப்புரவு நடக்கவும் அதுவே காலம்.

மூன்றாவது, சபையின் குழுக்கள். தொழில்நுட்ப சேவைகள் குழு, சுற்றாடல் குழு என்று சபைகளில் நிலையியற் குழுக்கள் இருக்கின்றன. பிரதேச சபைச் சட்டம் உறுப்பினரல்லாத பிரதேசவாசிகளையும் குழுக்களில் சேர்க்க இடம்தருகிறது. ஓய்வுபெற்ற பொறியியலாளர், ஆசிரியர், மாற்றுத்திறனாளிகள் அமைப்பின் பிரதிநிதி, சந்தைப் பெண் வியாபாரி ஆகியோர் அங்கே இருந்தால், வாய்க்கால் எந்தப் பக்கம் சரிகிறது என்பதைக் கட்சி வேறுபாடு பாராமல் பேசலாம்.

நான்காவது, தகவல். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நகரசபைக்கும் பிரதேச சபைக்கும் பொருந்தும். வேலையின் மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்தகாரர் யார், தொழில்நுட்ப உத்தியோகத்தர் அளந்து கொடுத்த அறிக்கை என்ன, எவ்வளவு பணம் வழங்கப்பட்டது என்று கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே ஆணைக்குழு இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ஆறு அங்குலம் என்று எழுதிய கொங்கிறீற் நாலு அங்குலமாகப் போடப்பட்டதா என்பதை அளவுநாடாவும் அந்த மதிப்பீட்டுத் தாளும் சொல்லிவிடும்.

அதிகாரப் பகிர்வைப் பற்றிப் பேசும் ஊரில் வாய்க்காலைப் பற்றிப் பேசுவது இலட்சியத்தைச் சுருக்குவது என்று சிலர் நினைக்கிறார்கள். அபிவிருத்தி மட்டும் போதும், அரசியல் தீர்வு தேவையில்லை என்று கொழும்பிலிருந்து சொல்லப்படுவதைக் கேட்டுக் கேட்டு வந்த நியாயமான சந்தேகம் அது. ஆனால் மேலே பார்த்த ஒவ்வொரு தடையும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற அதே கேள்விக்குத்தான் போய்ச் சேருகிறது. நகரின் நடு வீதி நகரத்துக்குச் சொந்தமில்லை. நகரின் வீதிக்கு வரும் பணத்தை நகரம் தீர்மானிப்பதில்லை. மாகாண வீதிக்குப் பதில் சொல்ல மாகாண சபை இல்லை. இதைப் புள்ளிவிபரத்தோடும் கோப்போடும் எடுத்துச் சொல்லக்கூடியது, தன் கையில் இருக்கும் ஒழுங்கைகளை ஒழுங்காகப் பார்க்கும் சபை ஒன்றுதான். தன் வாய்க்காலையே துப்புரவு செய்யாத சபை ஏ9 வடிகாலின் அதிகாரத்தைக் கேட்டால், எதிரில் இருப்பவர் சிரிப்பதற்கு நாங்களே காரணம் கொடுத்ததாகிவிடும்.

தற்போதைய சபைகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அடுத்த முறை உங்கள் வட்டார உறுப்பினரைச் சந்தியில் கண்டால், 'எங்கட ஒழுங்கைக்கு எப்ப தார் போடுவியள்?' என்ற கேள்வியோடு இன்னொன்றையும் கேளுங்கள். 'பட்டியலில் எத்தனையாம் இடத்தில இருக்கு?' பட்டியலே இல்லை என்று பதில் வந்தால், முதலில் செய்விக்க வேண்டிய பொதுவேலை எது என்பது தெரிந்துவிடும்.